ஆக்லாந்தில் கல்யாணம் நடத்திய மாமிக்கு

என் சண்டைக்கார மாமிக்கு,

சுகமா என்று கேட்டால், "செத்தவளிட்டச் சுகம் விசாரிக்கிற ஒரே ஆள் எங்கட இந்தியாக்காரர்தான்" என்று அங்கேயும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சிரிப்பீர்கள். அதனால் கேட்கவில்லை. எங்கள் சேதியைச் சொல்லிவிடுகிறேன்.

மாமா நன்றாக இருக்கிறார். மழைக்கு முன்பே மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுக் கூரைக்குப் பெயின்ட் அடித்தோம். நீங்கள் வேண்டவே வேண்டாம் என்ற அதே பச்சைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் யாழினி சமையலறையில் ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்ற விடுவதில்லை. மிளகாய்த்தூள் வாளி மட்டும் கராஜுக்குப் போய்விட்டது, அவளுக்குத் தும்மல் நிற்கவில்லை. பேரப்பிள்ளைகள் எதைக் கேட்டாலும் இன்னும் இங்கிலீஷில்தான் பதில் சொல்கிறார்கள். ஆனால் இருவருக்கும் சண்டை வந்தால் திட்டுவது உங்கள் தமிழில். அந்தப் பெருமை உங்களுக்கே.

அடுத்த வாரம் உங்கள் ஆண்டுத் திவசம். போன வருஷம் உங்கள் முப்பத்தோராம் நாளன்று ஹாலில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தவர்களும் இதைப் படிக்கட்டும். நான் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு உங்கள் ஆட்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?

நீங்களும் மாமாவும்தான் இந்த ஊருக்கு வந்து குடியேறிய முதல் யாழ்ப்பாணத் தம்பதி. அப்படித்தான் எல்லோரும் சொல்வோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் உங்கள் இருவரையும் மேடையில் ஏற்றி, முன்னோடிகள், துணிச்சல்காரர்கள் என்று மாலை போடுவோம். மாமா நில அளவை வேலை பார்த்தார். நீங்கள் ஒனஹங்காவில் ஒரு தையல் ஃபேக்டரியில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தீர்கள். பிறகு ஊரில் சண்டை மூண்டு, ஒரு குடும்பத்தின் பின்னால் ஒரு குடும்பமாக வந்து இறங்கியது. விமானத்திலிருந்து இறங்கியவர்கள் நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அந்த வீட்டு ஹாலில் படுத்து எழும்பாத தமிழர் இந்த ஊரில் குறைவு.

அவர்கள் வந்து, பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணங்கள் தொடங்கியபோது கோயில் இல்லை, ஐயர் இல்லை. நீங்கள் இருந்தீர்கள். எந்தத் தட்டு எங்கே, நிறைகுடம் எந்தப் பக்கம், ஆலாத்தி எப்போது, எல்லாவற்றுக்கும் "புஷ்பாக்காவைக் கேளுங்கோ" என்பதுதான் சட்டம். ஒரு கல்யாணத்தில் ஓமப்புகை ஏறி பள்ளிக்கூட ஹாலின் ஃபயர் அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டி நிறைய ஆள் வந்து இறங்கியது நினைவிருக்கிறதா? அவர்களையும் பந்தியில் உட்கார வைத்து வடை போட்டு அனுப்பினீர்கள். தாலி கட்டி முடிந்த கையோடு அதிகாரி கையைக் கழுவிக்கொண்டு மணமகனுக்குக் கை கொடுத்தார்.

தாலி ஏறியதும் நீங்கள் ஒன்று செய்வீர்கள். சந்தனத்தில் பெருவிரலைத் தொட்டு, மணமகள் நெற்றியில் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, குறுக்கே சின்னதாக ஒரு இழுப்பு. எங்கள் கல்யாணத்தில் எனக்கும் இட்டீர்கள். யாழ்ப்பாணத்தார் அதைக் கொக்குவில் வழக்கம் என்று நினைத்தார்கள், ஏனென்றால் நீங்கள் கொக்குவில். கொக்குவில்காரர்கள் உங்கள் தாய்வழி ஊர் வழக்கம் என்று நினைத்தார்கள். மலேசியக்காரர்கள் இலங்கை வழக்கம் என்றார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை. மாமியார் செய்வதையெல்லாம் ஏன் என்று கேட்கிற மருமகன் நீண்ட நாள் சோறு தின்ன முடியாது. ஒருவரும் கேட்காததால், உங்களைப் பார்த்து மற்ற அம்மாக்களும் இடத் தொடங்கினார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ராமநாதபுரத்தில் காரியம் முடிந்தால் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்து அனுப்புவார்கள். உங்கள் ஆட்கள் புத்தகம் கொடுக்கிறீர்கள். நினைவு மலராம். முதலில் பிள்ளையார், பிறகு இறந்தவரின் படம், வாழ்க்கைக் கதை, தேவாரம், நடுவில் இரண்டு பக்கத்துக்கு வம்ச விளக்கம்: கணவர் வழி ஒரு பக்கம், மனைவி வழி ஒரு பக்கம், யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரைக் கட்டினார் என்று வேரிலிருந்து நுனி வரை. வீட்டில் கம்ப்யூட்டரும், மலேசிய நண்பர் ஃபிளாப்பியில் தந்த தமிழ் எழுத்தும் இருந்த பாவத்துக்கு அந்த வேலை என் தலையில் விழுந்தது. எப்படி எழுதவேண்டும் என்று சொல்லித்தர நம் சிவலிங்கம் மாஸ்டர் தினமும் சாயங்காலம் குடையோடு வந்துவிடுவார்.

மாமாவின் பக்கம் ஒரே மூச்சில் நிறைந்தது. உங்கள் பக்கத்துக்கு வந்ததும் மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"புஷ்பாக்காவின்ர தாய் தகப்பன் பேர்?"

மாமா எழுந்து தேநீர் போடப் போய்விட்டார். வாழ்நாளில் தேநீர் போடாத மனிதர். மறுநாளும் மாஸ்டர் கேட்டார். மறுநாளும் மாமா கேத்திலைத் தேடிப் போனார்.

அந்தச் சனிக்கிழமை சான்ட்ரிங்ஹாமில் முருங்கைக்காய் வாங்க மாமாவை அழைத்துப் போனேன். கடை வாசலில் காரை நிறுத்தியும் அவர் இறங்கவில்லை. மழை கண்ணாடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, நீர் பொறும். புஷ்பா கொக்குவில் இல்லை."

"பின்ன?"

"பேசாலை. மன்னார்ப் பக்கம், கடற்கரை ஊர். வேதக்காரர். ஞானஸ்நானப் பேர் மரியபுஷ்பம். தகப்பன் சந்தியாப்பிள்ளை, தாய் மதலேனம்மா. நான் அங்க அளவை வேலைக்குப் போன இடத்திலதான் கண்டனான். தகப்பனிட்டப் போய்க் கேட்டன். கோயிலுக்கு வந்து ஞானஸ்நானம் எடு, இல்லாட்டி வாசலை விட்டு இறங்கு எண்டார். எங்கட வீட்டில, வேதக்காரியோட வந்தா நீ எங்கட பிள்ளை இல்லை எண்டினம். கொழும்பில ஒரு பதிவுக் கந்தோரில கையெழுத்து வைச்சம். அவ்வளவுதான் எங்கட கலியாணம்."

"அப்புறம் நியூசிலாந்துக்கு எப்படி வந்தீங்க?"

"லண்டனில எங்கட சனம். ஆபிரிக்காவில எங்கட சனம். நியூசிலாந்தில ஒரு நாய்க்கும் எங்களைத் தெரியாது. அதுதான் வந்தனாங்கள்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் மாமி. ஒவ்வொரு பொங்கலுக்கும் முன்னோடி என்று மாலை போட்டோமே, ஓடிவந்த ஜோடிக்கா! மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

நீங்கள் எதையும் மறைக்கவில்லையாம். முதலில் வந்த குடும்பம் "ஊரில எவடம்?" என்று கேட்டதாம், நீங்கள் புருஷன் ஊரைச் சொன்னீர்களாம். யாழ்ப்பாணத்தாருக்கு அந்த ஒரு பதில் கிடைத்துவிட்டால் மிச்சத்தை அவர்களே கட்டிக்கொள்வார்கள். பிறகு ஒரு தாய் தன் மகள் கல்யாணத்துக்கு முறை கேட்டு வந்தாள். தெரியாது என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை.

"என்னட்டை வந்து கேட்டா," என்றார் மாமா. "எனக்கு என்ன தெரியும்? என்ர அக்காவின்ர கலியாணத்தில நான் விறகு கொத்தினனான். தெரிஞ்சதைச் சொன்னன். மிச்சத்தை அவ நிரப்பினா."

"அந்த நெத்தியில இடுறது?"

"அது சிலுவை, தம்பி. பேசாலையில கலியாணப் பொம்பிளைக்குத் தாய் இடுறது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் நெற்றியில் யாரும் இடவில்லை. அதை இந்த ஊரில் இத்தனை பெண்களுக்கு இட்டிருக்கிறீர்கள். மாமி, ஒவ்வொரு தடவையும் உங்கள் அம்மாவை நினைத்தீர்களா?

அந்த மழைக்குள் உட்கார்ந்துதான் இன்னும் சில விஷயம் எனக்கு விளங்கியது. பானை கைதவறினால் "மாதாவே!" என்பீர்கள்; யாழினி "அம்மா கொன்வென்ற்றில படிச்சவ" என்று சமாதானம் சொல்வாள். இந்தியாக்காரனுக்குப் பெண் கொடுப்பதா என்று உங்கள் ஆட்கள் முகம் சுளித்தபோது, நீங்கள் என்னிடம் சம்பளம் கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை. "உங்கட ஊருக்குக் கடல் கிட்டவோ?" என்று கேட்டீர்கள். கிட்டத்தான் என்றேன். அன்றே சம்மதம் சொன்னீர்கள். என் அழகில் மயங்கினீர்கள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பக்கத்தில அவவின்ர தாய் தகப்பன்ர பேரைப் போடவேணும், தம்பி," என்றார் மாமா. "ஆஸ்பத்திரியில கடைசியா அவ தாயைத்தான் கூப்பிட்டவ. நான் உயிரோட இருக்கேக்குள்ள போடாட்டி, அவ ஆரின்ர பிள்ளை எண்டு ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும்."

முருங்கைக்காய் வாங்காமலே திரும்பி வந்தோம்.

மாஸ்டர் இதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, உங்களுக்கே தெரியும். உங்கள் பேர் கெட்டுவிடுமே என்றுதான் பதறினார்.

"ஊர் முழுக்க அவவைத் தலையில வைச்சுக் கொண்டாடுது. இதைப் போட்டா ஏமாத்திப் போட்டா எண்டு கதைப்பினம். நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசினா, உங்கட கலியாணத்தை நடத்தினது வேதக்காரியோ எண்டு கேப்பினம். என்ர மூத்தவளின்ர கலியாணத்தையும் அவதானே நடத்தினவ. அது முறைப்படி நடந்த கலியாணமோ இல்லையோ?"

"மாஸ்டர், உங்க பொண்ணுக்கு ரெண்டு குழந்தை ஆச்சு. நடந்த மாதிரிதான் தெரியுது," என்றேன்.

மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது எனக்குப் பெரிதில்லை. யாழினியின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

"எனக்கு ஏன் அம்மா சொல்லேல்லை?" இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு உங்களிடம் பதில் இருந்ததா? பிறகு ஒரு மத்தியானம் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"அடியுங்கோ. சந்தியாப்பிள்ளை. மதலேனம்மா. எழுத்தைப் பெரிசாப் போடுங்கோ."

போட்டேன். பிள்ளையார் படம் முதல் பக்கத்தில் இருந்தபடியே இருந்தது. வம்ச விளக்கத்தில் உங்கள் பக்கம் நிறைந்தது.

முப்பத்தோராம் நாள் வந்தது. நீங்கள் அத்தனை கல்யாணம் நடத்திய அதே பள்ளிக்கூட ஹால். தேவாரம் முடிந்து புத்தகம் கை மாறியது. உங்கள் ஆட்கள் நினைவு மலர் கையில் கிடைத்ததும் முதலில் தேடுவது தங்கள் பேர் இருக்கிறதா என்றுதான். அது இருக்கிற நன்றிப் பட்டியல் வம்ச விளக்கத்துக்கு அடுத்த பக்கம். முன்வரிசையில் பேச்சு நின்றது. அடுத்த வரிசையில் நின்றது. கடைசி வரிசை வரை நின்றதும், அடுக்களைப் பக்கம் யாரோ சட்டி கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். பின்னாலேயே இன்னொரு குடும்பமும் போனது. மாமா நேராக உட்கார்ந்திருந்தார்.

அப்போது மாஸ்டரின் மனைவி எழுந்தார். மனோன்மணி அக்காவின் வாய் உங்களுக்குத் தெரியும். அந்த வாய்க்குப் பயந்து நீங்களே கறியில் உப்பைச் சரிபார்ப்பீர்கள். தொலைந்தோம் என்றுதான் நான் நினைத்தேன்.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும்."

"கேள் பிள்ளை."

"அப்ப புஷ்பாக்காவுக்கு ஆர் ஆலாத்தி எடுத்தது?"

மாமா அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

"ஒருத்தரும் இல்லை, பிள்ளை."

"கூறை?"

"கூறை எங்க? நீலத்தில பூப்போட்ட சீலை ஒண்டு. பஸ்ஸிலதான் போனது."

"தாய் வரேல்லையோ?"

"வரேல்லை."

மனோன்மணி அக்கா உட்காரவில்லை. நின்றபடியே அழுதார். "எங்கட பிள்ளையள் எல்லாருக்கும் முன்னுக்கு நிண்டு செய்தாவே. அவவுக்கு எண்டு ஒருத்தரும் நிக்கேல்லையே!" அவ்வளவுதான். பெண்கள் பக்கம் முழுக்க உடைந்தது. உங்கள் கை பட்டுக் கல்யாணமான பெண்கள், இடுப்பில் பிள்ளையோடு ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து மாமாவின் பக்கத்தில் நின்றார்கள். யாழினி அழுதுகொண்டே அவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள், நீங்கள் பெற்ற பிள்ளை அல்லவா!

மாஸ்டர் மைக்கை எடுத்தார். வகுப்பில் பாடம் வாசிக்கிற அந்தக் கணீர்க் குரலில் வாசித்தார்: "பேசாலையைச் சேர்ந்த காலஞ்சென்ற சந்தியாப்பிள்ளை, மதலேனம்மா தம்பதியரின் அன்பு மகள் மரியபுஷ்பம்." அதை ஒரு முறை வாசித்தால் போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுபடியும் வாசித்தார். பிறகு, "எல்லாரும் சாப்பிட வாங்கோ" என்றார்.

எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். வெளியே போனவர்கள் இன்னும் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. மாமா அவர்களுக்கும் பொங்கலுக்கு அழைப்புச் சொல்லத்தான் செய்தார். நாற்காலியில் விட்டுப்போன புத்தகத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இந்தக் கோடையில் மாஸ்டரின் இளைய மகளுக்குக் கல்யாணம். இப்போதுதான் ஐயர் இருக்கிறாரே, எல்லாம் ஒழுங்காக நடந்தது. தாலி கட்டியதும் மனோன்மணி அக்கா சந்தனக் கிண்ணத்தை யாழினியிடம் நீட்டினார். "நீ வை பிள்ளை. அக்காவின்ர கை உன்னட்டைத்தான் இருக்கு." யாழினி பெருவிரலால் இட்டாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, இது எந்த ஊர் முறை என்று கேட்டார்.

"இது ஆக்லாந்து முறை ஐயா. நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ," என்றார் மனோன்மணி அக்கா.

கடைசியாக, மாமி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த சேதி. உங்களுக்கு ரோசலின் என்று ஒரு தங்கை உண்டு, நீங்கள் புறப்பட்டபோது சின்னப்பிள்ளை என்று மாமா சொன்னார். பேசாலைச் சனம் படகேறி எங்கள் கரைக்கு வந்து, மண்டபம் அகதி முகாமில் வருஷக்கணக்காக இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். ராமநாதபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் தம்பி சேகருக்கு அந்தப் புத்தகத்தை அனுப்பி, விசாரித்துப் பார் என்றேன். அவன் விடவில்லை. போய்ப் போய் விசாரித்து, போன மாதம் கண்டுபிடித்துவிட்டான். அன்றே போன் செய்தான்.

"அண்ணே, அந்தம்மா போட்டோவ முதல்ல பாக்கல. பேரத்தான் பாத்துச்சு. அப்பா பேரு, ஆத்தா பேரு, அக்கா பேரு. வெரல வச்சு வச்சுப் படிச்சுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுதான் கேட்டுச்சு. 'அக்காவுக்கு அங்க சொந்தக்காரர் ஆரும் இருந்தவையோ?'ன்னு. நான் என்னத்தச் சொல்ல? எனக்கு உங்க ஊரு ஆளுக யாரத் தெரியும்? கடைசிப் பக்கத்துல கல்யாண ஹால் போட்டோ போட்டிருந்தீகள்ல, அதக் காட்டுனேன். ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நேரங்கழிச்சு, 'இவ்வளவு பேருமோ?'ன்னுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாம்மா, அம்புட்டுப் பேரும்னேன். சரிதானண்ணே?"

சரிதான்டா என்றேன். போனை யாழினியிடம் கொடுத்துவிட்டேன்.

டிசம்பரில் மாமாவும் யாழினியும் பிள்ளைகளும் நானும் போகிறோம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மாமாவுக்குக் கொஞ்சம் பயம், அவர் என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்று. அது என் பொறுப்பு. வாசலில் நின்று "சின்ன மாமி" என்று கூப்பிடுவேன். பிறகு நடப்பது தானாக நடக்கும். நீங்கள் இங்கே என்னவாக வாழ்ந்தீர்கள் என்று உங்கள் தங்கை போதும் என்கிற வரை சொல்வேன், நான் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு இங்கே வர மனமிருந்தால் விசாவுக்கு நானே அலைவேன். மனமில்லாவிட்டால், வருஷந்தோறும் நாங்கள் போவோம். உங்கள் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இனி இரண்டு பக்கத்துச் சொந்தமும் உண்டு. இது என் வாக்கு.

இப்படிக்கு,
பேசாலை சந்தியாப்பிள்ளை, மதலேனம்மா தம்பதியரின் பேத்தியைக் கட்டியவனும்
உங்கள் மருமகனுமாகிய
முருகேசன்